கல்லாவில் உட்கார்ந்தால் சந்தோஷமா? மதுரை சொல்லும் பதில்

நள்ளிரவு தாண்டியும் மதுரையில் எங்கோ ஓர் இட்லிக் கொப்பரையில் ஆவி பறந்துகொண்டுதான் இருக்கும். விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கிவிடும். கீழமாசி வீதியில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கும்போது, டீக்கடைக்காரருக்குப் பாதி நாள் வேலை முடிந்திருக்கும்.

'தூங்கா நகரம்' என்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. கொஞ்சம் யோசித்தால், தூங்காமல் இருப்பது நகரம் இல்லை. சொந்தத் தொழில் செய்கிற மனிதர்கள்தான் தூங்காமல் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு முதல் தேதி சம்பளம் கிடையாது. பி.எஃப். கிடையாது. காய்ச்சல் வந்தால் அன்றைய வருமானம் போச்சு. தீபாவளிக்கு முதல் நாள் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க நேரம் இருக்காது. ஏனென்றால் அன்றுதான் கடையில் கூட்டம். "ஏண்ணே, பேசாம ஒரு கம்பெனி வேலைக்குப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டுப் பாருங்கள். "போயிருக்கலாம்தான். ஆனா ஒருத்தனுக்குக் கீழ கைகட்டி நிக்க நம்மால ஆகாதுப்பா" என்கிற மாதிரிதான் பதில் வரும். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும்.

அந்தச் சிரிப்பு உண்மையா, சமாளிப்பா? இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு கடை போடலாமா, சின்ன யூனிட் ஆரம்பிக்கலாமா என்று மகனோ மருமகளோ பேச்செடுக்காத வீடு இன்று குறைவு. எவ்வளவு முதல், எவ்வளவு லாபம் என்று பேசுகிறோம். ஆரம்பித்தபின் சந்தோஷமாக இருப்பார்களா என்று மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

கணக்குக்கு வராத கூலி

பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்ட்டன் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம். பத்து வருடம் சொந்தத் தொழில் செய்த ஒரு நடுத்தர ஆள், அதே பத்து வருடம் ஓர் இடத்தில் வேலை பார்த்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைவிட 35 சதவீதம் குறைவாகத்தான் சம்பாதிக்கிறார் என்று அவர் கண்டார். கோடீஸ்வரர் ஆன சிலரின் கதைதான் நம் காதுக்கு வருகிறது. மற்றவர்களின் கதை இதுதான்.

அப்படியும் ஏன் தொழிலை விடவில்லை? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மத்தியாஸ் பென்ஸ், புருனோ ஃப்ரே இருவரும் 23 நாடுகளின் தகவல்களை எடுத்துப் பார்த்தார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களைவிடத் தங்கள் வேலையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். காரணம் வருமானம் அல்ல. முடிவெடுக்கும் சுதந்திரமும் வேலையின் சுவாரஸ்யமும்தான் பெரும்பாலும் காரணம் என்றார்கள். நம் கடைக்காரர் சொன்ன 'கைகட்டி நிக்க ஆகாது' என்பதன் ஆய்வுக் கட்டுரை வடிவம் அது!

ஆனால் இதே படத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற மனநல மருத்துவர் 242 தொழில்முனைவோரிடம் விசாரித்தார். வாழ்க்கையில் எப்போதாவது மனச்சோர்வு, பதற்றம் போன்ற ஏதாவது ஒரு பாதிப்பு இருந்ததாக ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட மற்றவர்களைவிட இது அதிகம்.

திருப்தியும் அதிகம், தூக்கம் கெடுவதும் அதிகம் என்றால் எதை நம்புவது? இரண்டையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். மதுரை அண்ணா நகர் வரை போனால் போதும்.

58 வயதில் 11 படுக்கைகள்

1976-ஆம் வருடம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தவர். பத்மஸ்ரீ விருது ஏற்கெனவே 1973-லேயே வந்துவிட்டது. பென்ஷன் உண்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை, எனவே 'பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்க வேண்டும்' என்கிற கவலையும் இல்லை. மாலையில் பேப்பர் படித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளைப் போட்டு கண் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். தன் மனதுக்கு நெருக்கமான ஸ்ரீ அரவிந்தரின் பெயரை வைத்தார். அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த கதை இவ்வளவுதான்.

அவருடைய கைகளைப் பற்றிச் சொன்னால்தான் கதை முழுமையாகும். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில், 1918-இல் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அவர். பிரசவத்தின்போது உறவுப் பெண்கள் அடுத்தடுத்து இறந்ததைச் சிறு வயதில் பார்த்தார். ஊரில் டாக்டர் கிடையாது. பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை ஸ்டான்லி என்று படித்து டாக்டரும் ஆனார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் பிடித்துக்கொண்டது. விரல்கள் வளைந்து முறுக்கிக்கொண்டன. நீண்ட காலம் படுத்த படுக்கை. பேனா பிடிப்பதே கஷ்டம் என்ற நிலை. மகப்பேறு மருத்துவர் கனவு அத்தோடு முடிந்தது.

வேறொருவராக இருந்தால் மருத்துவத்தையே விட்டிருப்பார். இவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, கண்ணில் கத்தி வைக்கும் நுணுக்கத்தைத் திரும்பத் திரும்பப் பழகினார். அந்தக் கைகளாலேயே வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார்.

'டாக்டர் எப்படித் தொழில்முனைவோர் ஆவார்?' என்று சிலருக்குத் தோன்றலாம். ஹார்வர்டு பிசினஸ் பள்ளிக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. 1993-லேயே அரவிந்த் மருத்துவமனையைப் பாடமாக எழுதி மாணவர்களுக்கு நடத்த ஆரம்பித்துவிட்டது. ஏனென்றால் அங்கே நடந்தது தர்ம காரியம் மட்டும் இல்லை, கச்சிதமான வியாபாரக் கணக்கும்கூட. பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பார். முடியாதவருக்கு இலவசம் அல்லது குறைந்த கட்டணம். கட்டணம் தருபவர்களின் வருமானத்திலேயே மற்றவர்களின் சிகிச்சையும் நடந்து, மிச்சமும் நிற்க வேண்டும். நன்கொடைக்குக் கையேந்தி நின்றால் நன்கொடை நின்றதும் ஆஸ்பத்திரியும் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்தவர், பன்னும் கட்லெட்டும் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரத்தில் கொடுக்க முடிகிறதென்றால் கண் ஆபரேஷனை ஏன் கொடுக்க முடியாது என்று கேட்டார். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் அரவிந்த் ஆபரேஷன் தியேட்டர் அப்படித்தான் அமைந்தது. ஒரு நோயாளிக்கு டாக்டர் சிகிச்சையை முடிக்கும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு டாக்டர் அடுத்த கண்ணுக்குப் போவார். முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகளைக் கிராமத்துப் பெண்கள் கவனித்துக்கொள்வார்கள். பள்ளிப் படிப்பு முடித்ததும் சேர்ந்து, இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். நாட்டில் ஒரு கண் மருத்துவர் சராசரியாக வருடத்துக்குச் சில நூறு ஆபரேஷன் செய்தால், இங்கே ஒருவர் 2,000 வரை செய்ய முடிந்ததற்கு இதுதான் சூட்சுமம்.

வீட்டில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லும்போது நாம் வழக்கமாக ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் அது.

ஆஸ்பத்திரி கட்ட வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றவர், கை வளைந்தவர், பாதிப் பேருக்கு இலவச சிகிச்சை என்கிறார் என்றால் எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? டாக்டர் தன் வீட்டை அடமானம் வைத்தார். அதுவும் போதாதபோது குடும்பத்தின் நகைகள் அடகுக்குப் போயின. கட்டடம் ஒரே மூச்சில் எழும்பவில்லை. கையில் பணம் சேரச் சேர மாடி மாடியாக உயர்ந்தது.

தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கணக்கையும் கட்டடத்தையும் பார்த்துக்கொண்ட தம்பி சீனிவாசன் என்று குடும்பமே உள்ளே இறங்கியது. வெளியில் போயிருந்தால் நன்றாகச் சம்பாதித்திருக்கக்கூடிய படிப்பு அவர்களுக்கு இருந்தது. இங்கே சம்பளம் குறைவு, வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை, அண்ணனோ கண்டிப்பானவர். ஆரம்ப வருடங்கள் அவர்களுக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. தந்தை மறைந்தபிறகு அண்ணன்தான் தங்களைப் படிக்க வைத்து ஆளாக்கினார் என்ற நன்றி ஒரு பக்கம் இருந்திருக்கும். ஆனால் நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் முப்பது வருடம் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போக முடியாது. எங்கோ ஓர் இடத்தில் அது அவர்களுடைய வேலையாகவும் மாறியிருக்க வேண்டும்.

நம் ஊரில் தொழில் தொடங்குவது ஒரு தனி மனிதரின் முடிவே இல்லை. மனைவியின் செயின், அம்மாவின் வளையல், மாமனார் வீட்டுக் கையெழுத்து எல்லாம் சேர்ந்துதான் கடைக்கு முதல். அந்தச் செயின் எதற்காகப் போகிறது, எப்போது திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்பதெல்லாம் தெரிந்து கழற்றிக் கொடுத்த மனைவி, தொழிலில் பங்காளி. தெரியாமல் கழற்றிக் கொடுத்தவர் கடன்காரராகத்தான் உணர்வார். வெளியே எவ்வளவு வியாபாரம் நடந்தாலும் அந்த வீட்டில் சிரிப்பு இருக்காது. ஆய்வுகள் தனி மனிதரின் திருப்தியைத்தான் அளக்கின்றன. மதுரையில் அளப்பதென்றால் அடுப்படியிலும் ஒரு கேள்வித்தாள் கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்தால் குறைகிற ஆர்வம்

சரி, வலியோடும் கடனோடும் ஒருவரை எது ஓட வைக்கிறது?

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தரும். துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் ஒரு புதிரை மாணவர்களிடம் கொடுத்தார். நடுவில் ஒரு கட்டத்தில், ஒரு பிரிவினருக்கு மட்டும் புதிரை முடிக்க முடிக்கப் பணம் கொடுத்தார். பிறகு பணத்தை நிறுத்திவிட்டு, அறையை விட்டு வெளியே போய் ஒளிந்திருந்து கவனித்தார். பணம் வாங்கிப் பழகியவர்களுக்குப் புதிரின் மேல் இருந்த ஆர்வம் குறைந்திருந்தது. ஆசையாகச் செய்துகொண்டிருந்தது கூலி வேலையாக மாறிவிட்டது!

பின்னாளில் டெசியும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து, மனிதரை உள்ளிருந்து ஓட வைப்பவை மூன்று என்றார்கள். என் முடிவு என் கையில் என்ற உணர்வு, இந்த வேலை எனக்குக் கைவந்திருக்கிறது என்ற உணர்வு, என்னால் இன்னொருவருக்கு ஆகிறது என்ற உணர்வு. நம் டீக்கடைக்காரரிடம் கேட்டால், "டீயை நானே போடணும், நல்லா போடணும், குடிச்சவரு இன்னொண்ணு குடுங்கண்ணேனு கேக்கணும்" என்று இதே மூன்றையும் சொல்லிவிடுவார்.

இதற்காகப் பணம் முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. அன்றைய முதல் போணியின் பத்து ரூபாயைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடும் கடைக்காரருக்கு அந்த நோட்டின் மதிப்பு பத்து ரூபாய் மட்டுமா? 'இன்றைக்கும் என்னைத் தேடி ஒருவர் வந்தார்' என்ற செய்தி அது. பணம் அங்கே மதிப்பெண் மாதிரி. மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கிற பிள்ளையும் உண்டு, பாடம் பிடித்துப் போய் மதிப்பெண்ணும் வாங்குகிற பிள்ளையும் உண்டு. எது பரீட்சை முடிந்தபிறகும் புத்தகத்தைத் திறக்கும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

ஆணி பொறுக்கிய வண்டி

'வேலை கைவந்திருக்கிறது' என்ற அந்த இரண்டாவது உணர்வுக்கு மதுரையில் இன்னும் பழைய சாட்சி ஒருவர் உண்டு. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனோ ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு, அதையும் உதறிவிட்டு 1911-இல் மோட்டார் போக்குவரத்தில் இறங்கினார். மோட்டார் வண்டியையே ஜனங்கள் வேடிக்கை பார்த்த காலம். நல்ல வேலையை விட்டுவிட்டு பஸ் விடப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டில் என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அன்றைய சாலைகளில் மாட்டு லாடம், குதிரை லாடத்து ஆணிகள் சிதறிக் கிடக்கும். டயர் அடிக்கடி பஞ்சராகும். வேறு முதலாளியாக இருந்தால் ஸ்டெப்னி ஒன்று கூடுதலாக வைத்திருப்பார். இவர்களோ காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கினார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணியைத் திருத்திக்கொள்வார்கள் என்று பழைய மதுரைக்காரர்கள் சொல்வதுண்டு. அவ்வளவு நேரம் தவறாமை லாபத்துக்கு உதவியதா? உதவியிருக்கும். ஆனால் லாபத்துக்காக மட்டும் யாரும் சாலையில் கிடக்கும் ஆணியைக் குனிந்து பார்ப்பதில்லை. இன்னும் சரியாகச் செய்யலாமே என்று உள்ளுக்குள் அரிக்கிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும்.

கடைசிக் காலத்தில் பொறுப்புகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 80 வயதிலும் கல்லாச் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் அப்பாக்களின் ஊரில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொந்தக் கடைதான், ஆனால் முதலாளி வேறு

டாக்டரும் சுந்தரம் ஐயங்காரும் விரும்பித் தொழிலுக்கு வந்தவர்கள். படிப்பு இருந்தது, விழுந்தால் தாங்க ஏதோ ஒன்று இருந்தது. மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டி நிறுத்தியிருப்பவர்களில் பலர் வேறு வழி இல்லாமல் வந்தவர்கள். 'கைகட்டி நிக்க ஆகாது' என்பதல்ல அவர்கள் காரணம். கைகட்டி நிற்கத் தயாராக இருந்தும் யாரும் வேலை தரவில்லை என்பதுதான். இவர்களையும் அவர்களையும் ஒரே தட்டில் வைத்து 'தொழில் செய்தால் சந்தோஷம்' என்று பேசுவது நியாயமில்லை.

இவர்களின் சிரிப்பைப் பறிப்பது பெரும்பாலும் வியாபாரம் இல்லை, வட்டி. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் 'புவர் எகனாமிக்ஸ்' புத்தகத்தில் சென்னைத் தெரு வியாபாரிகளின் கணக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். காலையில் 1,000 ரூபாய் சரக்கைக் கடனுக்கு எடுக்கிறார்கள். ராத்திரி திருப்பிக் கொடுக்கும்போது சராசரியாக நாளுக்கு 4.69 சதவீதம் வட்டி. கேட்பதற்கு 47 ரூபாய்தான். வருடத்துக்கு 300 நாள் கடை போட்டால் வட்டி மட்டுமே 14,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கைமாறிய முதல் என்னவோ கடைசி வரை அதே 1,000 ரூபாய்தான்.

மதுரைப் பக்கம் இதற்கு எத்தனையோ பெயர்கள். தண்டல், ரன் வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி. அநியாய வட்டியைத் தடை செய்து 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு பைக் சத்தம் கேட்டால் வயிறு கலங்கும் கடைக்காரர்கள் இன்றும் உண்டு. கடை அவருடையதுதான். ஆனால் எப்போது கடை திறப்பது, எந்த விலைக்குத் தள்ளிவிடுவது, இன்றைக்கு வீட்டில் இருக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது பைக்கில் வருபவர். ஆய்வாளர்கள் சொன்ன அந்தச் சுதந்திரம் இருந்த இடத்தில் வெறும் போர்டு மட்டும் தொங்கும்.

இதை மதுரைச் சுற்றுவட்டாரப் பெண்கள் உடைத்த விதம் அழகானது. 1990 வாக்கில் இங்கே 'களஞ்சியம்' குழுக்கள் தொடங்கின. நெல் சேர்த்து வைக்கும் இடத்தின் பெயர்தான் அது. 1997 முதல் வாசிமலை தலைமையிலான தானம் அறக்கட்டளை அதை வளர்த்தது. பெண்கள் மாதாமாதம் சிறு தொகையைச் சேர்ப்பார்கள். தேவைப்படுகிறவருக்கு அதிலிருந்தே கடன் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுப்பது, என்ன வட்டி, எப்போது திருப்புவது எல்லாமே அவர்கள் முடிவு. வட்டியும் அவர்கள் பானைக்கே திரும்பும்.

அந்த இயக்கத்தின் முகமாக இருந்தவர் சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாது. விவசாயக் கூலியாக இருந்தவர். வயல் வேலைக்குப் போகும் பெண்களின் 'கொத்து'க்குத் தலைவியாக நின்று, பண்ணைக்காரர்களிடம் கூலி பேசியவர். பேசத் தெரிந்தவர் கையில் கணக்கும் வந்தபோது ஊர் ஊராகக் குழுக்கள் முளைத்தன. ஸ்த்ரீ சக்தி விருது வாங்க 2001 ஜனவரியில் டெல்லி போனார். விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது.

காலில் விழுந்த படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சாதாரண மாற்றம்தான் பலருக்கு ஞாபகம் இல்லை. ஆடு வாங்கவோ கடை வைக்கவோ பணம் வேண்டுமென்றால், ஒருவர் வீட்டு வாசலில் தலை குனிந்து நிற்காமல், தன் குழுவில் உட்கார்ந்து கேட்கலாம் என்ற நிலை வந்தது. வியாபாரம் அதே வியாபாரம்தான். ஆனால் சாயங்காலம் பைக் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை.

ஆக, வீட்டில் யாராவது தொழில் பேச்சை எடுத்தால் 'என்ன லாபம் வரும்?' என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். கடன் யாரிடம்? வாரத்தில் எத்தனை நாள் உன் வேலையால் நல்லது நடந்த முகத்தை நீயே நேரில் பார்ப்பாய்? இரண்டாவது கேள்வி விசித்திரமாகத் தெரியலாம். அதற்குத்தான் மறுபடி அண்ணா நகர் போக வேண்டியிருக்கிறது.

கட்டு அவிழும் காலை

டாக்டர் வெங்கடசாமி நாட்குறிப்பு எழுதுவார். அன்றைக்கு என்ன சாதித்தோம் என்பதைவிட, தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்விகள்தான் அதில் அதிகம். ஆஸ்பத்திரி வளர வளர அந்தக் கேள்விகள் குறையவில்லை. 1992-இல் அரோலேப் என்ற நிறுவனம் மதுரையிலேயே கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸின் விலை ஆயிரக்கணக்கில். இங்கே செய்தபோது சில நூறு ரூபாய்க்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கும் வழக்கமும் அங்கே இல்லை. மற்ற மருத்துவமனைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இதை இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிக் கொடுக்கவே தனியாக ஒரு பயிற்சி நிறுவனம் நடக்கிறது. போட்டியாளருக்குப் பாடம் எடுக்கும் முதலாளியை வேறெங்கே பார்ப்பது!

2006 ஜூலை 7 அன்று, 87-வது வயதில் அவர் மறைந்தார். 11 படுக்கைகள் அதற்குள் பல ஊர் மருத்துவமனைகளாகியிருந்தன. முடக்குவாத வலி கடைசி வரை அவரை விடவில்லை. வலியோடு இருந்தார் என்பதும் சந்தோஷமாக இருந்தார் என்பதும் அவர் விஷயத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டியவை.

அதற்கான காரணத்தைப் பார்க்க வேண்டுமென்றால், ஆபரேஷனுக்கு மறுநாள் காலை இலவசப் பிரிவுக்குப் போக வேண்டும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முகாம் பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலருக்கு வயது எழுபதுக்கு மேல். பேரப்பிள்ளையின் முகம் மங்கி, பிறகு வெறும் குரலாகிப் போய் எத்தனையோ நாளாகியிருக்கும். நர்ஸ் பெண் ஒவ்வொருவரிடமும் வந்து கட்டை அவிழ்ப்பாள். வெளிச்சத்துக்குக் கண் கூசும். கொஞ்சம் தண்ணீர் வழியும்.

"பாட்டி, இது எத்தனை விரலு?"

பாட்டி விரலைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "இரு தாயி, மொதல்ல உன்னையப் பாத்துக்கிறேன்."